துவைக்கிற கல்லுக்கு அடியில்

ஐப்பசி மூன்றாவது வாரத்தில், மணவாள நகரில் அந்தத் தெருவின் கொசுக்கள் அத்தனையும் ஜோதிலட்சுமி வீட்டுக் கொல்லைக்குக் குடிபோய்விட்டன. மற்ற முப்பத்தொரு வீடுகளில் பேருக்குக்கூட ஒன்று இல்லை. காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அவளுடைய முருங்கை மரத்தைச் சுற்றிக் கறுப்புத் தூணாக எழுந்து, மாடி உயரத்துக்கு நின்று, கொஞ்ச நேரம் ரீங்கரித்துவிட்டுக் கலையும். யாரையும் கடிப்பதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஜோதிலட்சுமியின் வேலையே கொசு ஒழிப்பதுதான். நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், தொட்டிகளில் மருந்து ஊற்றி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரைக் கொட்டச் சொல்லி, கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடும் மஸ்தூர் அவள். ஆறு வருஷ சர்வீஸ்.

தெருவுக்கு ஒரே கொண்டாட்டம். கொசுவத்தி விற்பனை படுத்துவிட்டது. கவரைப்பேட்டை கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் வசந்தகுமார், "நீ இருக்கறவரைக்கும் எங்களுக்குப் பேஜாரு இல்லக்கா" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். முருங்கைப் பூ வாசனைக்கு வருகிறது என்றார்கள் சிலர். அவள் ரத்த குரூப் அப்படி என்றார்கள் வேறு சிலர். ஜோதிலட்சுமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காரணம் அவளுக்குத் தெரியும்.

புரட்டாசி கடைசி புதன்கிழமை நல்ல மழை. பார்க்க வேண்டிய வீடுகள் பாக்கியிருந்தன. கலியன் வீட்டுக்குள் அவன் மனைவி பூவம்மாள் இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள் மாவுதான். தெரிந்தவள் நனைய வேண்டாமே என்று அட்டையைக் கதவிலிருந்து கழற்றி வந்து கேட்டுக்கு மேலாக நீட்டினாள். ஜோதிலட்சுமியும் வெளியே நின்றபடியே 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எல்லா மஸ்தூர்களும் எப்போதாவது செய்வதுதான். கிரைண்டர் வந்த பிறகு பின்பக்கம் தள்ளிவைத்த பழைய ஆட்டுக்கல்லின் குழியில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

பத்து நாளில் பூவம்மாளின் மகள் ரம்யாவுக்கு டெங்கு வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். கும்மிடிப்பூண்டியில் கிடைத்திருந்த வேலைக்குச் சேர வேண்டிய தேதி அதற்குள் போய்விட்டது. சுகாதார அதிகாரிகள் ஜீப்பில் வந்தபோது ஜோதிலட்சுமி முந்திக்கொண்டு உள்ளே போய், அட்டையைப் பிய்த்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். ஆட்டுக்கல்லில் புழு நெளிவதை அவர்கள் காட்டியதும், தெருவே கேட்கும்படி கத்தினாள்: "வாராவாரம் சொல்லிக்கினே இருக்கேன், கேட்டாத்தானே! ஊட்ட இப்படியா வச்சிக்கினு இருப்பாங்க?" பூவம்மாள் கதவுக்குப் பின்னால் அட்டை இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அப்புறம் ஜோதிலட்சுமியைப் பார்த்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. புழு நெளிகிற வீட்டில் யார் மாவு வாங்குவார்கள்? ஒரே வாரத்தில் கிரைண்டர் நின்றது. கலியன் மூட்டை தூக்கக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தான்.

அட்டையை அடுப்பில் போட்டிருக்கலாம். தன் கையெழுத்தை எரிக்க மனம் வராமல், ஜோதிலட்சுமி அதை முருங்கையடியில் புதைத்தாள். மறுநாள் காலை அந்த இடத்தில் உள்ளங்கை அளவு தண்ணீர் ஊறியிருந்தது. அதில் புழுக்கள் துள்ளின. இறைத்தாள்; ஊறியது. மருந்து ஊற்றினாள், புழுக்கள் அதைக் குடித்துக் கொழுத்தன. கடைசியில் துணி துவைக்கிற கல்லை உருட்டி வந்து மேலே போட்டு மூடினாள். கொசுத்தூண் அன்றைக்கு மாலையில்தான் முதன்முதலாக எழுந்தது. கூட வேலை பார்க்கும் மோனிகா சோதனைக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு, "உன் ஊட்ல இன்னாக்கா பாக்கறது?" என்று சிரித்து, கேட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். ஜோதிலட்சுமிக்கு அன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்படி ஒரு வெட்கம்.

அடுத்த புதன்கிழமை காலை, தண்ணீர் லாரிக்காகப் பெண்கள் குடத்தோடு நின்றிருந்த நேரத்தில், கோட்டு இல்லாமல் பூவம்மாள் வீட்டு கேட்டுக்கு முன்னால் போய் நின்றாள். அன்றைக்குக் கத்திய அதே குரலில் கூப்பிட்டாள்.

"பூவக்கா, என் ஊட்டுக் கொல்லைய நீதான் வந்து பாக்கணும். கல்லத் தூக்கிப் பாக்கணும்."

"நான் இன்னாத்துக்கு?"

"மத்தவங்க கேட்லயே நின்னு கையெழுத்துப் போட்டுடறாங்கக்கா."

நாள்கணக்கில் மாவு படாத கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு பூவம்மாள் வந்தாள். பின்னால் குடங்களோடு தெருவே வந்தது. கல்லைப் புரட்டினாள். புழுக்களுக்கு நடுவே அட்டை நனையாமல் கிடந்தது. ஒரு எழுத்துகூடக் கலையவில்லை. பூவம்மாள் அதை எடுத்துத் தேதியை, 'புழு இல்லை' என்பதை, கையெழுத்தை, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள்.

"அன்னைக்கு நான் உள்ளயே வரலக்கா" என்றாள் ஜோதிலட்சுமி. "அட்டையப் பிச்சதும் நாந்தான்."

"தெரியும். கேட்டுக்கு மேல நீட்டினது என் தப்பு, அத வுடு. தெரு பூரா கேக்கற மாதிரி கத்தினியே, அதுக்கு இன்னா சொல்ற?"



நடந்ததை ஜோதிலட்சுமியே ஆபீசில் எழுதிக் கொடுத்தாள். மூன்று மாதம் வேலை கொடுக்காமல் நிறுத்திவைத்து, பிறகு வேறு தெருக்களுக்கு மாற்றினார்கள். பொங்கலுக்குள் பூவம்மாளின் கிரைண்டர் பழையபடி ஓடியது. ரம்யா வேறு கம்பெனியில் சேர்ந்தாள். கொசுக்கள் மட்டும் போகவில்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் தூணைப் பார்த்துப் பயந்தால், "அது ஜோதி ஊட்டுக் கொசு, இப்ப கலைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். புதன்கிழமைதோறும் பத்து மணிக்கு பூவம்மாள் கிரைண்டரை நிறுத்திவிட்டு வருகிறாள். கல்லின் ஒரு பக்கத்தை அவளும் மறுபக்கத்தை ஜோதிலட்சுமியும் பிடித்துத் தூக்குகிறார்கள். குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, ஜோதிலட்சுமி வீட்டு அட்டையில் 'புழு இருக்கு' என்று எழுதி, பூவம்மாள் கையெழுத்துப் போடுகிறாள்.