நீலமா, பச்சையா

மதிப்பீட்டாளர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, காரின் முன்கதவு ரப்பர் பட்டையை மெல்ல உரித்தார். கைப்பையை அணைத்தபடி பக்கத்தில் அவள் நின்றாள். ஜெயிக்கப் போகிறவளின் தோரணை அவளிடம் இருந்தது.

ஏலக் கூடத்தின் கூரைக் கண்ணாடி வழியாகக் காலை வெளிச்சம் கலங்கலாக இறங்கியது. வெள்ளைத் துணி போர்த்திய பழைய கார்கள் வரிசையாக உறங்கின. ராத்திரியெல்லாம் விழித்த கண்ணுக்கு எல்லாமே கொஞ்சம் மிதந்தது.

வீட்டில் அவள் கணவர் படுக்கையில் கிடக்கிறார். டாக்டர் கையை விரித்துவிட்டார். துணைக்கு மகள் இருக்கிறாள். தங்கள் காரின் ஏலத்துக்குப் போக மாட்டேன் என்று இவள் அடம்பிடித்தும் அவர் விடவில்லை.

"நீயே போ. மதிப்பு போடறவர் என்ன கலர்னு சொல்றாரோ, அதக் கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லு. அதுவரைக்கும் நான் எங்கயும் போகல."

கல்யாணத்தன்று அந்தக் காரை முதலில் பார்த்ததிலிருந்து இந்தச் சண்டை. பட்டாணிப் பச்சையில் அது வாசலில் நிற்கும். "நீலத்த எடுத்துட்டு வரேன், கிளம்பு" என்பார். வாய் தவறிக்கூடப் பச்சை என்றதில்லை. மகள் ஒருமுறை கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். எல்லா நிறத்தையும் சரியாகச் சொல்லிவிட்டு வந்தார்.

"கண்ணுல ஒண்ணுமில்லையாம்மா. எல்லாம் கொழுப்பு" என்றாள் மகள். அவர் சிரித்து மழுப்பினார்.

"இங்க பாருங்கம்மா" என்றார் மதிப்பீட்டாளர்.

ரப்பருக்கு அடியில், பச்சை ஏறாத இடத்தில், விரல் அகலத்துக்கு நல்ல ஆழமான நீலம்.

"ஃபாக்டரில அடிச்சது இதுதான். பச்சை அப்புறம் ஏறினது. பட்டறை வேலையும் இல்ல. யாரோ வீட்டுல வெச்சு, பிரஷ்ல, ரொம்பப் பொறுமையா அடிச்சிருக்காங்க." கதவு மடிப்பில் பெயின்ட்டோடு காய்ந்து ஒட்டியிருந்த ஒரு பிரஷ் முடியைக் காட்டினார். "வண்டி புதுசா இருக்கும்போதே நடந்திருக்கு."

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், பூங்காவில், உனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டிருந்தார். வாய்க்கு வந்ததை அவள் சொல்லி வைத்தாள். அடுத்த முறை வந்தபோது அவர் நகக்கண்ணெல்லாம் பச்சை. கேட்டதற்கு, வீட்டு கேட்டுக்கு பெயின்ட் அடித்தேன் என்றார். அந்த கேட்டை அவள் எத்தனையோ வருஷம் திறந்து மூடியிருக்கிறாள். அது கறுப்பு.

"மேல்பூச்சு அசல் இல்லன்னு சொல்லித்தான் ஆகணும். விலை பாதிக்குப் பாதி இறங்கிடும்" என்றார் மதிப்பீட்டாளர். "ஏலத்துல கூப்பிடறப்ப எந்தக் கலரச் சொல்லட்டும்? உள்ள இருக்கறதா, வெளிய தெரியறதா?"

"வீட்ல அவரக் கேட்டுட்டுச் சொல்றேன்."

டாக்ஸி ஜன்னலில் தெருக்கள் சத்தமில்லாமல் நழுவின. போனதும் முதலில் திட்ட வேண்டும். இத்தனை வருஷமா வாயத் திறக்காம இருந்தீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்க வேண்டும். அப்புறம் தோற்றுவிட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதை நினைத்ததும் வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் ஆகுமா என்றுகூடத் தோன்றியது.

மகள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"இப்பத்தாம்மா. அம்மா வந்தாச்சா, அம்மா வந்தாச்சான்னு கேட்டுட்டே இருந்தார்."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்க் கட்டிலின் வலது ஓரத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு இடது காது எப்போதும் மந்தம். போர்வை நெஞ்சுவரை ஒழுங்காக இழுத்து விடப்பட்டிருந்தது. கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்தாள்.

"அம்மா, அடுத்தது நம்ம வண்டிதான். என்ன கலர்னு சொல்லட்டும்?"

போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கேட்கிற காதுப் பக்கமாகக் குனிந்தாள்.

"நீலம்" என்றாள் சத்தமாக. "நீலந்தான்."

"நல்லாக் கேக்குதும்மா, கத்த வேணாம்" என்றார் மதிப்பீட்டாளர்.

அவள் நிமிரவில்லை.