வெல்ல மூட்டை வழக்கின் நிருபர்

கோர்ட்டு டவாலி ஏழுமலை பத்திரிகை ஆபீஸுக்குள் வந்து, உட்காராமலே சொன்னான்: "ஐயா கூப்ட்டாரு. பத்தரைக்கு. பேப்பரையும் எடுத்துக்கினு வரணுமாம்."

ஐயா என்றால் மாஜிஸ்திரேட். கோவர்த்தனன் எழுந்து நின்றுவிட்டான். 'எல்லை வீரன்' வார இதழுக்கு அவன் சித்தூர் கோர்ட்டு நிருபராகிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. எழுதியது ஒரே செய்தி. வெல்ல மண்டியில் இரண்டு மூட்டை காணாமல் போன வழக்கு. முதல் சாட்சியே இன்னும் முடியவில்லை; அதற்குள் 'வெல்லத் திருடன் வீராசாமி! இனித் தப்ப முடியாது!' என்று அச்சாகிவிட்டது. தீர்ப்புக்கு முன்னால் ஒருவனைத் திருடன் என்று எழுதினால், எழுதியவன் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா நேற்றுத்தான் டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

தலைப்பைப் போட்டவர் ஆசிரியர் ஆதிநாராயணன். ஆந்திராவுக்குப் போய்விட்ட திருப்பதி மதராஸோடு சேரும்வரை உப்பில்லாமல் சாப்பிடுவதாக மேடையில் சபதம் செய்தவர். வீட்டில் ஊறுகாய் தொட்டுக்கொள்வார்; அது சபதத்தில் சேராது.

"உண்மைக்காக ஜெயிலுக்குப் போறது பெரிய பாக்கியம்ப்பா," என்றார்.

"நீங்களும் வரீங்களா சார்?"

"எனக்கு ரேணிகுண்டாவுல கூட்டம் இருக்குது." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்.

மாஜிஸ்திரேட்டின் அறையில் மின்விசிறி சுற்றியது. கோவர்த்தனனுக்கு வியர்த்தது. மேஜைமேல் பத்திரிகை, அதன்மேல் சிவப்புப் பென்சில். 'இதை எழுதியது நீயா?' என்று அவர் தெலுங்கில் கேட்டார். கோவர்த்தனனுக்குத் தெரிந்த மூன்று மொழிகளும் ஒன்றாகக் கைவிட்டன. தலையை மட்டும் ஆட்டினான்.

"என் பேருக்குப் பின்னால பி.ஏ., பி.எல். எங்கய்யா?" இப்போது தமிழில். "செகண்ட் கிளாஸ் மாஜிஸ்திரேட்டுன்னு போட்டிருக்கே. போன மாசமே ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆயிட்டேன், தெரியாதா?"

சிவப்புப் பென்சில் அந்த இரண்டு இடங்களையும் வட்டமிட்டிருந்தது. 'திருடன்' என்ற சொல்லை அது தொடவே இல்லை.

"அடுத்த வாரம் திருத்தம் வரணும். பெரிய எழுத்துல."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். நெஞ்சின் படபடப்பு அடங்கப் பத்தடி தேவைப்பட்டது. பதினோராவது அடியில் ஒருவன் எதிரே நின்றான். ஜாமீனில் இருந்த வீராசாமி. குடிபாலா பக்கத்து ஆள். மண்டியில் மூட்டை தூக்குகிறவன். அந்தத் தோள்களைப் பார்த்ததும் கோவர்த்தனனின் கால் தானாகப் பின்னால் போயிற்று.

வீராசாமி இடுப்பிலிருந்து மடித்த பத்திரிகையை எடுத்தான்.

"மண்டியில ஒர்த்தர் படிச்சிக் காட்னாரு சாமி. தீர்ப்பு ஆயிடுச்சாமே? எனக்கு யாரும் சொல்லலியே. பொஞ்சாதியக் கூட அவுங்க நைனா ஊட்டுக்கு அனுப்பிட்டேன். எத்தினி மாசம்னு மட்டும் இதுல இல்லியாம்."

"இன்னும் தீர்ப்பு ஆகலப்பா."

"அப்ப இதுல?"

"அது..." கோவர்த்தனன் கோர்ட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். "அது நான் போட்டது."

வீராசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"அப்ப மாசத்தையும் நீங்களே கொஞ்சம் கொறச்சிப் போடுங்க சாமி. கொயந்தைங்க சின்னது."