மரை கெடாமல்

போல்ட்டை வைஸின் இரும்பு இடுக்கில் வைப்பதற்கு முன் மூன்று முறை யோசித்தேன். நேரடியாக இறுக்கினால் வைஸின் பல் போல்ட்டின் திருகு மரையைக் கடித்துவிடும். தளர்வாகப் பிடித்தால் அரம் பட்டதும் சுழலும். அக்காவின் சக்கர நாற்காலியில் இடது சக்கரத்தைத் தாங்கும் போல்ட் அது. தலை மழுங்கிப்போய் ஸ்பானர் வழுக்கியது. இறுக்க முடியாமல் சக்கரம் ஆடியது. தலையின் இரு பக்கங்களையும் தட்டையாக அராவினால் ஸ்பானர் பிடித்துக்கொள்ளும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் வேலையில் சேர வேண்டும். நான்கு வருடம் விண்ணப்பம் போட்டுக் கிடைத்த முதல் வேலை.

ஃபிட்டர் வேலை கற்கும் மாலை வகுப்புக்கு அவளையும் கூட்டிவந்து, பட்டறை ஓரத்து பெஞ்சில் உட்காரவைத்திருந்தேன்.

"என்னடா, மொறச்சுப் பாத்தா தானா சரியாயிடுமா?" என்றாள்.

நோட்டைப் புரட்டினேன். போன வாரக் குறிப்பு: 'மரைக்குப் பொருந்தும் நட்டை ஒரு பக்கம் அறுத்து, போல்ட்டில் ஏற்றி, நட்டோடு சேர்த்து வைஸில் பிடிக்கவும்.' சொந்த யோசனையை நான் நம்புவதில்லை; குறிப்புப்படிதான் நடப்பேன். நாற்காலியிலிருந்து கழற்றிய நட்டையே எடுத்து ஹேக்ஸா ரம்பத்தால் ஒரு பக்கம் அறுத்தேன். பிடி துளியும் அசையவில்லை. இருபது நிமிடத்தில் தலை தட்டையானது. மரையில் ஒரு கீறல் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலையைப் பிசகாமல் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சக்கரத்தை மாட்டி, அந்த நட்டைப் போட்டு இறுக்கியபோது வெட்டு வாய் பிளந்தது. நட்டு நழுவிக் கையோடு வந்தது.

"இருந்த ஒரே நட்டையா அறுத்த?" பக்கத்து மேசை வெல்டர் அண்ணன் சிரிக்கத் தொடங்கி, அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டிரேயில் இருந்த நாற்பத்தோரு நட்டுகளையும் ஏற்றிப் பார்த்தேன். ஒன்றுகூட இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லை. பழைய நாற்காலி. இந்த மரை இப்போது கடைகளில் வருவதில்லை.

"வெல்டு வெக்கலாமாண்ணே?"

"பொடி நட்டுப்பா. சூட்டுல உள்மரை போயிடும்."

அறுத்த நட்டை என்ன செய்வதென்று நோட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை. இருந்தும் பக்கங்களைப் புரட்டினேன்.

"காலைல எட்டரைக்குள்ள ஆயிடும்லடா?" அக்கா கேட்டாள். "முதல் நாளே லேட்டா போனா நல்லாருக்காது."

நோட்டை மூடிவிட்டு, கழன்ற சக்கரத்தைக் கையில் எடுத்தேன். அவள் கைநீட்டிச் சக்கரத்தை வாங்கினாள். நடுவில் போல்ட்டைச் செருகி, மடிமேல் தூக்கிப் பிடித்து, விரலால் தட்டிவிட்டாள். எங்கும் உரசாமல், சத்தமே இல்லாமல், அது நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது.