வெங்கடபதி சார் எழுதின நோட்டு

வெங்கடபதி சாரை நான் அவர் ஊட்டு நடுவுல நிக்க வெச்சுத் திட்டினது ஊருக்கே தெரியுமுங்க. எதுக்குத் திட்டினேன்னுதான் யாருக்கும் தெரியாது.

தொண்ணூத்தி ஏழு கடைசில கோயமுத்தூர்ல கலவரம் நடந்தப்ப, சோமனூர்ப் பக்கம் எங்க ஊர்லயும் ஒரு துணிக்கடை எரிஞ்சுபோச்சு. தறி ஓட்டற கதிரேசனோட அண்ணன் கடை அது. அதுக்கப்பறந்தான் சமாதானக் குழுன்னு ஆறு பேரு சேந்தோம். சார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அவருதான் தலைவர். நான் தையல் கிளாஸ் நடத்தறவ, எந்த ஊட்டுக்குள்ள வேணும்னாலும் போவேன், அதனால என்னையும் சேத்துக்கிட்டாங்க.

ரெண்டு பக்கமும் பசங்களைக் கெளப்பிவுட வெளியூரு ஆளுக வந்துட்டிருந்த நேரமுங்க. எந்தப் பையன் திடீர்னு வேலைக்குப் போகாம, பேச்சைக் கொறைச்சுக்கிட்டு, புது ஆளுககூடச் சுத்தறான்னு பாப்போம். அவன் ஊட்டுக்கு ரெண்டு ரெண்டு பேரா போவோம். நானும் நூல் கடை சுக்கூர் பாயும் ஒரு ஜோடி. மொத ரெண்டு தடவை டீயைக் குடிச்சுப்போட்டு, தறி எப்படி ஓடுது, நூல் வெலை என்னன்னு பேசிப்போட்டு வந்துருவோம். மூணாவது தடவைதான் விசயத்தை எடுப்போம்.

கதிரேசன் மூணாவது தடவையும் வாயைத் தொறக்கலீங்க. அஞ்சாவது தடவை போனப்ப, தறிக்கு அடியில இருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து எங்க முன்னால வெச்சான். உள்ள வெடிமருந்து. கோபியில ஒரு ஆளு குடுத்தானாம், யார் கடையில வெக்கோணும்னு அப்பறம் சொல்றேன்னானாம். நானும் பாயும் அதை அப்பவே குளத்துத் தண்ணியில கொட்டிப்போட்டு வந்தோம். வெளிய மூச்சுவிடமாட்டோம்னு என்ர புள்ளைக மேல சத்தியம் பண்ணிக் குடுத்தேன்.

கடைக்குத் தீ வெச்சது யாருங்கறது அதுக்கு முந்தியே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. சுக்கூர் பாய் தெருவுல இருக்கற நவ்சாத். பத்தொம்பது வயசு. ஒருநா அவனே தேம்பித் தேம்பி அழுதுட்டுச் சொன்னான். அவனுக்கும் அதே சத்தியத்தைத்தான் பண்ணிக் குடுத்தேன். இப்படி ஏழு பசங்க.

இதையெல்லாம் நாங்க சார்கிட்டச் சொல்லுவோம், தலைவராச்சேன்னு. அவரு முப்பத்தி நாலு வருசம் பள்ளிக்கோடத்துல இருந்தவருங்க. எழுதி வெக்காத கூட்டம் அவருக்குக் கூட்டமே இல்லை. ராத்திரி ஊட்டுக்குப் போயி, தேதி போட்டு, பேரு போட்டு, அப்பன் பேரு போட்டு, ஆளுக்கு ஒரு பக்கமா அழகா எழுதி வெச்சிருக்காரு. எங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது.

பிப்ரவரில கோயமுத்தூர்ல குண்டு வெடிச்சு அஞ்சாம் நாள், சார் ஊட்டுக்கு இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்திருக்காரு. ஊட்டுக்கு வந்தவங்களை வாயார உபசரிக்காம நம்ம பக்கம் அனுப்புவாங்களா. காப்பி, முறுக்கு, அப்பறம் குழு செஞ்ச வேலை. எல்லாம் நோட்டுல இருக்குதுங்கன்னு பெருமையா வேற சொல்லியிருக்காரு. அட்டை கிழிஞ்சுதுன்னு அந்த நோட்டு அன்னைக்கு பைண்டிங்குக்குப் போயிருந்ததால தப்பிச்சுது. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேசனுக்குக் கொண்டாந்துருங்கன்னு சொல்லிட்டு இன்ஸ்பெக்டர் போயிட்டாரு.

இதோட போச்சான்னா அதுதான் இல்லை. மறுநா காலையில சாருக்கு மனசு கேக்கலையாம். சைக்கிளை எடுத்துட்டு மொதல்ல கதிரேசன் ஊட்டுக்குப் போயி, 'தம்பி, உங்க பேரு நோட்டுல இருக்குதுங்க, போலீசுக்குக் குடுத்தாகோணும், மன்னிச்சுக்கோங்க'ன்னு கையைக் கும்பிட்டிருக்காரு. இப்படி ஒரு மரியாதையை நீங்க எங்காவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

மத்தியானம் ரெண்டு மணிக்கு கதிரேசனோட அம்மா நாச்சியம்மாள் தலைவிரிகோலமா எங்கூட்டுக்கு ஓடியாந்தாங்க. பையன் பையைத் தூக்கிட்டு கோபிக்குப் போறேன்னு கெளம்பிட்டானாம். எனக்குப் புரிஞ்சுபோச்சு. டப்பா குடுத்தவன்கிட்டப் போறான். அங்க போனா ஒளிச்சு வெப்பாங்க, சோறு போடுவாங்க, அப்பறம் சொன்னதைச் செய்ய வெப்பாங்க.

சார் ஊட்டுக்குப் போயித் திட்டினது அப்பத்தான். என்ன திட்டினேன்னு இங்க சொல்லமாட்டேன். அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. பைண்டிங்ல இருந்து வந்திருந்த நோட்டைப் புடுங்கிட்டு, என்ர ஊட்டுக்காரர் ஆல்வின் ஓட்டற ஆட்டோவுல ஏறிக் கருமத்தம்பட்டி பிரிவுக்குப் போனோம். கோபி பஸ் அங்கதான் நிக்கும். வழியில ரெண்டு எடத்துல போலீசு நிறுத்திச்சு. நோட்டை மடியில சீலைக்குள்ள வெச்சுட்டு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு பொய் சொன்னேன்.

கதிரேசன் டீக்கடை அடுப்போரமா நின்னுட்டிருந்தான். என்னைப் பாத்ததும் மொகத்தைத் திருப்பிக்கிட்டான்.

"சத்தியம் பண்ணிப்போட்டு எழுதி வெச்சிருக்கீங்களே அக்கா."

நான் எழுதலைன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. என்ர வாயில இருந்து போனதுதானே அது. நோட்டை நீட்டி, "உன்ர பக்கத்தை நீயே கிழிச்சுப்போடு கண்ணு"ன்னேன்.

அவன் வாங்கித் தொறந்தப்பறந்தான் எனக்கு உறைச்சுது. அட கெரகமே! அதுல நவ்சாத் பக்கமும் இருக்குது. யாரு அவன் அண்ணன் கடையை எரிச்சான்னு என்ர கையாலயே அவன் கையில குடுத்துப்போட்டேன். புடுங்கலாம்னு கையை நீட்டினேன். அதுக்குள்ள அவன் படிக்க ஆரம்பிச்சுட்டான். வெரலை வெச்சு வரி வரியாப் படிச்சான். கோபி பஸ் வந்து நின்னுச்சு. கண்டக்டர் கத்தறான், இவன் படிச்சுட்டே இருக்கான்.

"இவன்தான்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா? எங்கூட்டு டீயைக் குடிச்சப்பவே?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அந்த டப்பா இப்ப எங்க இருந்திருக்கும் சாமி?"

அவன் அப்படியே பஸ்சுல ஏறிட்டா நவ்சாத் உசுரு அந்தக் கோபி ஆளு கையில. நான் ஆட்டோக் கம்பியைப் புடிச்சுக்கிட்டேன். கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் நகந்துச்சு, கதிரேசன் நின்ன எடத்துலயே நின்னான்.

மொதல்ல நவ்சாத் பக்கத்தைத்தான் கிழிச்சான். அதை டீக்கடை அடுப்புக்குள்ள வெச்சான். அப்பறம் மத்த அஞ்சு பேரு பக்கம். நோட்டை மூடி என்கிட்டக் குடுத்தான்.

"உன்ர பக்கம்?"

"இருக்கட்டுங்கக்கா. வெறும் நோட்டைக் குடுத்தா அந்தச் சாரை விடுவாங்களா?"

நானே கிழிக்கறேன்னு நோட்டைத் தொறந்தேன். என்ர கையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டான். "இன்னைக்கு நான் எங்காவது போயித்தான் ஆகோணும். கோபிக்குப் போனா திரும்பி வரமாட்டேன், அது எனக்கே தெரியுதுங்க. ஸ்டேசனுக்குப் போனா என்னைக்காவது வந்துருவேன்." நான் ரோட்டுன்னும் பாக்காம அழுதேன்.

நாலு மணிக்கு ஸ்டேசன்ல சார் சலவைச் சட்டை போட்டுட்டு நின்னாரு. சுக்கூர் பாயும் வந்திருந்தாரு. டப்பாவைத் தண்ணியில கொட்டினது நாங்கதான்னு நானும் பாயும் சொன்னோம். இன்ஸ்பெக்டர் நோட்டைப் பொரட்டினாரு. கிழிஞ்ச எடத்தைத் தடவிப் பாத்தாரு. மத்த பேரெல்லாம் எங்கேன்னாரு.

"நான் ஒருத்தன்தானுங்க"ன்னான் கதிரேசன்.

கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டாரு. திரும்பக் கேட்டாரு. திரும்பவும் அதையேதான் சொன்னான். மூணாவது தடவை, அவனை விட்டுட்டு என்னைப் பாத்துக் கேட்டாரு. ஆறு பேரும், ஆறு ஊடும், அப்பன் ஆயா பேரு மொதற்கொண்டு என்ர நாக்கு நுனியில நின்னுச்சு. கதிரேசன் ஒதட்டுல ரத்தம் வழியுது, என்னையே பாத்துட்டு நிக்கறான்.

"அந்தப் பையன் சொன்னதுதானுங்க"ன்னேன். அவனை மறுபடியும் அடிச்சாங்க.