முப்பத்தொன்றாம் டோக்கன்

எங்கள் ஊரில் ஒருவரை விட்டு உடம்பின் ஆசை நீங்கிவிட்டால், அது நேராக எங்கள் மருத்துவமனைக்கு வந்து மனநலப் பிரிவில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தொடக்கத்தில் அவை எலும்பு முறிவுப் பிரிவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. அங்கே உட்கார இடம் இல்லை. எங்கள் கூடத்தில் நீளமான பெஞ்சுகள் உண்டு, மின்விசிறியும் நன்றாக ஓடும்.

நான் அங்கே ஆலோசகராக இருக்கிறேன். என் பெயர் செண்பகவல்லி.

ஆசை பார்ப்பதற்கு அதன் சொந்தக்காரரைப் போலவே இருக்கும். அதே வயது, அதே முகம், அதே சட்டை. எடை மட்டும் கிடையாது. எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றால் முள் நகராது. அதனால் ஜன்னல் ஓரத்து பெஞ்சில் அவற்றை உட்கார வைப்பதில்லை. ஆடிக் காற்றில் பறந்துபோன இரண்டு பேரை வேப்பமரத்திலிருந்து இறக்க வேண்டியிருந்தது.

சங்கரபாண்டியனின் ஆசை தை மாதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. காக்கிச் சட்டை போட்டிருந்தது. முப்பத்தொன்றாம் டோக்கன்.

சங்கரபாண்டியனை எனக்கு முன்பே தெரியும். நாற்பத்து மூன்று வயது. ஆற்றுப்பாலம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸின் டிரைவர். போன வருஷம் அவருடைய அண்ணன் இறந்து மூன்று மாதம் கழித்து, ஒருநாள் வண்டியைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழ ஆரம்பித்தார். கண்டக்டர் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. பயணிகளும் இறங்கவில்லை. நாற்பது நிமிஷம் காத்திருந்து, பிறகு அவரையும் ஏற்றிக்கொண்டு, வேறொரு டிரைவர் ஓட்ட, அதே பஸ்ஸில் எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

எங்கள் டாக்டர் மெஹருன்னிசா அவரோடு நிதானமாகப் பேசினார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐப்பசியில் தூக்கம் வந்தது. கார்த்திகையில் பசி வந்தது. மார்கழியில் மறுபடி பஸ் ஓட்டினார். தையில் அவருடைய ஆசை எங்கள் கூடத்துக்கு வந்தது.

அதற்கு நாங்கள் எதுவும் செய்யவில்லை. எங்களிடம் ஒரு படிவம் இருந்தது. அதில் இருபத்திரண்டு கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி, அழுகை வருகிறதா, வேலைக்குப் போகிறீர்களா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா. ஆசையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. சொந்தக்காரர் தானாக வாய்திறந்து சொன்னால் மட்டுமே ஆசையைக் கூப்பிட்டுப் பேசலாம் என்பது வழக்கம். யாரும் சொன்னதில்லை.

ஒவ்வொரு மாதமும் சங்கரபாண்டியன் வருவார். அவருடைய ஆசைக்கு நேர் எதிரே உட்காருவார். அதன் தலைக்கு மேலே இருக்கும் காலண்டரைப் பார்ப்பார். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு போய் இருபத்தொரு கேள்விகளையும் கேட்டுவிட்டு, கடைசிக் கேள்விக்கு வருவேன்.

“வேற ஏதாவது சொல்லணுமா?”

“ஒண்ணுமில்ல மேடம். நல்லாத்தான் இருக்கேன்.”

ஆசை என்னைப் பார்க்கும். நான் ‘இல்லை’ என்று எழுதுவேன்.

சித்திரை மாதம் அவர் வரவில்லை. பதினோரு மணி வரை பார்த்தேன். பிறகு காக்கிச் சட்டை எழுந்து என் மேசைக்கு வந்தது. நின்றபடியே பேசியது.

“மேடம், நீங்களா கேக்க மாட்டீங்க. நானே சொல்லிருதேன். அவரு மாத்திரைய நிறுத்திப் பன்னெண்டு நாள் ஆச்சு.”

“யாரு நிறுத்தச் சொன்னா?”

“யாரும் சொல்லல. மாத்திரைய விட்டா நான் வீட்டுக்கு வந்துருவேன்னு நெனச்சிருக்காரு. இப்பம் வேலைக்கும் போகல. நேத்து சாயங்காலம் குளத்தங்கரையில ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தாரு.”

“நீங்க போக வேண்டியதுதானே?”

“போனேன். கதவத் தட்டுனேன். அவரால எந்திரிச்சு வந்து தொறக்க முடியல.”

நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். பெஞ்சுகளில் நாற்பத்தொரு ஆசைகள் உட்கார்ந்திருந்தன. சில பேர் பழைய வாரப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளைகளைப் போலச் சத்தமில்லாமல் இருந்தார்கள்.

“இவங்க எல்லாம் எத்தன நாளா இருக்காங்க, செண்பகா?”

“சில பேர் நாலு வருஷமா இருக்காங்க டாக்டர்.”

“நாம கேக்கவே இல்லையா?”

“கேக்கல டாக்டர்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீ முதல்ல அவர் வீட்டுக்குப் போ. என்ன நிலைமைன்னு பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு. கேக்க வேண்டியத இன்னைக்கே கேட்டுரு” என்றார்.

நானும் அந்த ஆசையும் பஸ்ஸில் போனோம். அவருடைய பஸ்தான். வேறு டிரைவர் ஓட்டினார். காற்று அதிகமாக இருந்ததால் ஆசையின் சட்டையைப் பிடித்துக்கொண்டே போனேன்.

வீட்டில் அவருடைய மனைவி உலகம்மாள் கதவைத் திறந்தாள். அரசு நூலகத்தில் வேலை பார்க்கிறவள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். உள்ளே அடுக்களையில் இன்னொரு உலகம்மாள் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய ஆசை. அது எங்கேயும் போகவில்லை.

“இது எத்தன நாளா அடுக்களையில இருக்கு?” என்று கேட்டேன்.

“அவுகளோடது போனதுல இருந்து. படுக்கையறைக்குள்ள வரமாட்டேங்குது. வெக்கமா இருக்காம்.” உலகம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு வயசாயிட்டுன்னு நெனச்சேன் மேடம். பெறகு அவுக வேற யாரையும் மனசுல வச்சிருக்காகளோன்னு நெனச்சேன். எப்படிக் கேக்கணும்னு தெரியல. கேட்டா மறுபடி அழுதுருவாகளோன்னு பயம்.”

சங்கரபாண்டியன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“சாகணும்னு தோணுதா?”

“நேத்து தோணுச்சு. அவ தேடிட்டு வந்துட்டா. இன்னைக்கு அவ்வளவா இல்ல.”

“இனிமே தோணுனா உடனே அவங்ககிட்டச் சொல்வீங்களா? எங்களுக்குப் போன் பண்ணுவீங்களா?”

“சரி.”

“இன்னொண்ணு கேக்கணும். மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுக்கப்பறம், உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல, படுக்கையில எப்படி இருந்துச்சு?”

அடுக்களையில் கீரை உருவும் சத்தம் நின்றது.

“இதெல்லாம் மனசு பாக்குற ஆஸ்பத்திரியில கேப்பாங்களா?” என்றார், சுவரைப் பார்த்தபடியே.

“முன்னாடியே கேட்டிருக்கணும். கேக்காம விட்டது எங்க தப்பு.”

அதற்குப் பிறகு அவர் பேசினார். துக்கம் போனபோது இதுவும் சேர்ந்து போனதாகச் சொன்னார். மனைவி பக்கத்தில் படுத்திருக்கும்போது ஒரு தலையணை இருப்பது போலத்தான் இருந்ததாம். மூன்று மாதம் தூங்குவது போல நடித்தாராம். ஒவ்வொரு மாதமும் எங்கள் கூடத்தில் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல வீடு திரும்பியதாகச் சொன்னார். ஆம்பிளை என்று சொல்லிக்கொண்டு இதை எப்படி ஒரு லேடி டாக்டரிடம் சொல்வது என்று யோசித்திருக்கிறார். பேசப் பேச அவருடைய முகம் சுவரை விட்டுத் திரும்பியது.

“சில மாத்திரைக்கு இப்படி ஆகும். நெறையப் பேருக்கு ஆகுது. அளவக் குறைக்கலாம், வேற மாத்திரைக்கு மாத்தலாம். ஆனா நீங்களா நிறுத்தக் கூடாது” என்றேன்.

உலகம்மாள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “என்னப் புடிக்காமப் போகலயா?” என்றாள்.

“சே. உன்னப் போயா?” என்று அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு என்னைக் கேட்டார். “அது எங்க இருக்கு?”

“வாசல்ல. செருப்பக் கழட்டிட்டு நிக்குது.”

“உள்ள வரச் சொல்லுங்க மேடம். வெயில்ல நிக்கவேண்டாம்.”

அது உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தது. அங்கேயே தங்கவில்லை. அன்று மதியம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மருத்துவமனைக்குத் திரும்பினோம். உலகம்மாளும் அவளுடைய ஆசையும் கீரையை அப்படியே வைத்துவிட்டு வந்தார்கள். டாக்டர் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். மறுபடி மாத்திரையைத் தொடங்கி, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றுக்கு மாற்றினார். முதல் பத்து நாளும் உலகம்மாள் லீவில் இருந்து பார்த்துக்கொண்டாள். நான் தினமும் காலையில் போன் செய்தேன்.

படிவத்தில் இருபத்து மூன்றாவது கேள்வியை டாக்டர் தன் கையாலேயே எழுதினார். முதலில் அதை மிகவும் நாசூக்காக எழுதியிருந்தார். யாருக்கும் புரியவில்லை. நான்கு முறை அடித்து எழுதிய பிறகு நேரான கேள்வியாக வந்தது.

அதை எல்லோரிடமும் கேட்டோம். சில பேர் கோபப்பட்டார்கள். பாதிப் பேர் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு பேசினார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சாமுவேல் எழுபத்தொரு வயதுக்காரர். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

“எனக்குமா இந்தக் கேள்வி?” என்றார்.

“உங்களுக்கும்தான் சார்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூடத்தைப் பார்த்தார். மூன்றாவது பெஞ்சில் அவருடையது உட்கார்ந்திருந்தது. “இங்கதான் இருக்கியா?” என்றார். அதற்குப் பிறகு தினமும் மாலையில் வந்து அதை ஆற்றங்கரை வரை நடக்கக் கூட்டிக்கொண்டு போவார். இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. இருமல் கூடக் குறைந்ததாகச் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டார். நான் பதில் சொன்னேன். அது என் கோப்பில் இருக்கிறது.

ஆடிக்குள் கூடத்தில் ஒன்பது பேர்தான் மிச்சம். சங்கரபாண்டியனின் ஆசை அதற்கும் முன்பே போய்விட்டது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்குப் போய்வந்தது. பிறகு புதன்கிழமையும் சேர்ந்தது. ஆனிக் கடைசியில் டோக்கனை என் மேசையில் வைத்துவிட்டு, “வாரேன் மேடம்” என்று சொல்லிப் போனது. வரவேண்டாம் என்றேன். சிரித்தது.

ஆவணியில் அவர்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். நான்கு பேரும் இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உலகம்மாள் அவருடைய முழங்கால்மேல் கை வைத்திருந்தாள். அட்டெண்டர் குறுக்கே போனபோதும் எடுக்கவில்லை.

“எப்படி இருக்கு?” என்று டாக்டர் கேட்டார்.

“முன்ன மாதிரி அவ்வளவு இல்ல டாக்டர்” என்றார் சங்கரபாண்டியன். “ஆனா போதும். ஆகாத அன்னைக்கு ஆகலன்னு சொல்லிருதேன்.”

“சொன்னா நான் கத படிச்சுக் காட்டுவேன்” என்றாள் உலகம்மாள். “அதுவும் நல்லாத்தான் இருக்கு.”

“மாத்திரை?”

“ஒருநாள் கூட விடல.”

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அடுத்த தேதியைப் போட்டுக் கொடுத்தார். அவர்களை வாசல் வரை வழியனுப்ப நானும் வந்தேன். வெளியே நல்ல வெயில். அவருடைய பஸ் வந்து நின்றிருந்தது, ஆனால் கிளம்பவில்லை. மாதம் ஒருமுறை போவது போலவே, ஊரின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி தன் எட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கடைத்தெரு வழியாக ஆற்றுக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்தது. அது தாண்டிப் போகும்வரை எல்லோரும் ஒதுங்கி நின்றோம். தேங்காய்க் கடைக்காரர் அது இடிக்காமல் இருக்கத் தன் பந்தலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டார். எதிர்வீட்டுப் பெண் குழாயடியில் வைத்திருந்த குடத்தை உள்ளே எடுத்துப் போனாள். தொட்டி குளித்துத் திரும்பி அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வர ஐந்து மணி ஆகும்.