பத்துப் பேர் சங்கத்தின் தலைவி

எங்கள் யூதப் பள்ளியில் மாணவர்கள் நூற்று எண்பது பேர், சங்கங்கள் நாற்பத்திரண்டு. செஸ், நாடகம், மாதிரி ஐ.நா. சபை, இஸ்ரேலிய நடனம், ஊறுகாய் போடுகிறவர்கள் என்று எதற்கெடுத்தாலும் ஒரு சங்கம். கல்லூரி விண்ணப்பத்தில் 'தலைவர்' என்று ஒரு வரி எழுதுவதற்காகவே பாதிச் சங்கங்கள் பிறந்தன. உறுப்பினர்கள்தான் கிடைக்க மாட்டார்கள், தலைவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. நானும் யோக்கியமில்லை. பத்தாம் வகுப்பு முடிவதற்குள் மூன்று சங்கங்களுக்குச் செயலாளராக இருந்தேன். மூன்றிலும் பீட்ஸா வரவழைத்ததைத் தவிர வேறு ஒன்றும் கிழிக்கவில்லை.

நான்காவதாக ஒன்றை நானே தொடங்கினேன். அதற்குக் காரணம் ரீவா ப்ராட்ஸ்கி.

ரீவா அந்த வருடம் ஜனவரியில்தான் எங்கள் பள்ளிக்கு வந்தாள். அதுவரை க்ளீவ்லாந்தில் அரசுப் பள்ளியில் படித்தவள். அவளுடைய அப்பா செமியோன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் யாருக்கும் யூத வழக்கங்கள் எதுவும் தெரியாது, மகளுக்காவது தெரியட்டும் என்று அவர்தான் பிடிவாதமாகக் கொண்டுவந்து சேர்த்தார். அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். மே மாதத்தில் ஒருநாள் அப்பா வேலை செய்யும் இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

ஏழு நாள் துக்கம் முடிந்து அவள் பள்ளிக்குத் திரும்பிய அன்று, லாக்கர் பக்கத்தில் என்னிடம் வந்தாள். அதுவரை நாங்கள் பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை.

"கதீஷ் சொல்லணும்னா பத்து பேர் வேணுமாமே. அவங்கள எங்க பிடிக்கிறது?"

கதீஷ் என்பது பெற்றவர் போனபின் பிள்ளை எழுந்து நின்று சொல்கிற பிரார்த்தனை. சாவைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இருக்காது. அதைத் தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் கூடி நின்று 'ஆமேன்' சொல்ல வேண்டும். பதினோரு மாதம் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவோம். செத்தபின் முழுதாகப் பன்னிரண்டு மாதம் தண்டனை அனுபவிப்பவர்கள் பாவிகள் மட்டும்தான் என்பது எங்கள் நம்பிக்கை. பெற்ற தகப்பனைப் பிள்ளையே பாவி என்று சொன்னதாக ஆகிவிடக் கூடாதே, அதனால் ஒரு மாதம் முன்னதாகவே நிறுத்தம்.

எங்கள் பள்ளியில் காலையில் வகுப்புவாரியாகப் பிரார்த்தனை நடக்கும், ஆனால் ரீவாவின் பஸ் அதற்குள் வந்து சேராது. பிற்பகலில் எதுவும் கிடையாது. ஆகவே, வகுப்புகள் முடிந்தபின் மூன்றே முக்காலுக்கு, அறை எண் 114-இல், பத்துப் பேர் சங்கம். ஆண்களை மட்டும் எண்ணும் வழக்கம் பல இடங்களில் உண்டு, எங்கள் அறையில் பெண்களையும் எண்ணினோம். வேதியியல் ஆசிரியர் மிஸ்ராஹி சார் ஆலோசகராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின் பெஞ்சில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்.

ரீவாவின் மேல் எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் படிவத்தில் 'தலைவர்: பெனினா லஸ்டிக்' என்று எழுதும்போது, அடுத்த வருடம் மாணவர் பேரவைத் தேர்தலில் இது எவ்வளவு எடுபடும் என்றும் யோசித்தேன். இரண்டும் உண்மை.

உபதலைவன் யோனா கெஸ்லர். ஆள் பிடிப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று குழுவில் செய்தி போட்டால் போதும், கூடைப்பந்து மைதானத்திலிருந்து வியர்வை ஒழுக இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

"தலைவரே, சரக்கு வந்தாச்சு, எண்ணிக்கோங்க."

"ஆளை எண்ணக் கூடாதுடா."

"தெரியும் தெரியும். வசனத்தைச் சொல்லுங்க."

நாங்கள் மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டோம், அது ஆகாது. பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வசனத்தை ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்போம். கடைசிச் சொல் ஒருவர் மேல் விழுந்தால் ஆள் சரி.

கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் கூடினோம். பனிக்காலத்தில் பாதிப் பேர் சளியோடு வந்து இருமிக்கொண்டே ஆமேன் சொன்னார்கள். ரீவா முதலில் தாளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படித்தாள், பிறகு பார்க்காமலே சொன்னாள். ஒரு நாளில் அவள் சொல்லும் கதீஷ் அந்த ஒன்றுதான். பனிக்காலத்து ஹனுக்காப் பண்டிகைக்கு முன்பு ஒருநாள் என்னிடம் கேட்டாள்:

"கடைசி நாள் என்னிக்குன்னு நீயே பார்த்துச் சொல்றியா? எனக்கு அந்த எபிரேய காலண்டர் தலையும் புரியல காலும் புரியல."

"நான் பார்த்துக்கறேன். அதுக்குத்தானே தலைவர்."

பார்த்தேன். அவள் அப்பா இறந்தது அந்தக் காலண்டரில் ஐயார் மாதம் பதினொன்று. வருட திதி எப்போது வருகிறதோ, அதிலிருந்து ஒரு மாதத்தைக் கழித்தேன். நிசான் பத்து, வியாழக்கிழமை என்று வந்தது. பெசாஹ் பண்டிகை விடுமுறைக்கு முன் பள்ளியின் கடைசி நாள். இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்குமா என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

தலைமையாசிரியர் டாக்டர் சாண்ட்லரிடம் சொன்னேன். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். அன்று அறை 114 வேண்டாம், பெரிய ஹாலில் பள்ளி முழுவதும் கூடட்டும் என்றார். அந்த வருடத்தின் மாணவர் தலைமை விருதையும் அங்கேயே எனக்குக் கொடுத்துவிடலாம் என்றார். பேரவைத் தேர்தலுக்கு அப்போது மூன்றே வாரம். ரீவா தன் அம்மாவை அழைத்திருந்தாள். அந்த அம்மா அதுவரை பள்ளிக்குள் கால் வைத்ததில்லை.

திங்கட்கிழமை மதியம் நூலகத்தில் உட்கார்ந்து அழைப்புத் தாளைத் தயார் செய்தேன். எபிரேயத் தேதியையும் போடலாம் என்று சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். அந்த வருடம் எங்களுக்கு அதிக மாதம். ஆதார் மாதம் இரண்டு முறை வந்திருந்தது. அந்த இரட்டை ஆதாரைப் பற்றிப் பள்ளியே கேலி பேசிச் சிரித்திருக்கிறது, நானும் சிரித்திருக்கிறேன். விரலை வைத்து ஐயாரிலிருந்து முன்னோக்கி எண்ணினேன். பதினோராவது மாதம் இரண்டாம் ஆதார் பத்தாம் தேதியோடு முடிந்துவிட்டது. மறுபடி எண்ணினேன். அதேதான். வருட திதி ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தது, பதினோரு மாதக் கணக்கு தள்ளிப்போகவில்லை. பின்னாலிருந்து கழித்ததுதான் நான் செய்த தப்பு.

அதாவது, ரீவாவின் கடைசி கதீஷ் நான்கு வாரத்துக்கு முன்பே, ஒரு புதன்கிழமை, முடிந்திருந்தது. அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. பூரிம் பண்டிகை நாடக ஒத்திகைக்கு எல்லோரும் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் வேகமா சொல்லு ரீவா, டிரஸ் மாத்தணும்" என்று யோனா சொன்னான். அவளும் வேகமாகச் சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதமாக, எந்தப் பேச்சு வரக் கூடாது என்று பதினோரு மாதத்தோடு நிறுத்துகிறோமோ, அதையே அவள் வாயால் தினமும் சொல்ல வைத்துக்கொண்டிருந்தேன்.

உடனே எழுந்து போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஹால் பதிவாகிவிட்டது. யூதப் பத்திரிகையிலிருந்து ஆள் வருகிறார். இன்னும் மூன்று நாள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது, தெரிந்து அவள் கஷ்டப்படுவதைவிடத் தெரியாமலே இருப்பது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கஷ்டத்தைப் பற்றி நான் உண்மையில் கவலைப்படவே இல்லை. காலண்டர் பார்க்கத் தெரியாத தலைவி என்று சிரிப்பார்களே என்பதுதான் என் கவலை.

வியாழக்கிழமை ஹால் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறக் கோட்டில் ஒரு பெண்மணி வந்து நின்றார். நெற்றி அப்படியே ரீவா.

"நீதானே பெனினா? ரீவா சொல்லியிருக்கா."

"ஆமா ஆன்ட்டி. உள்ள வாங்க, முன் வரிசையில உங்களுக்கு இடம் போட்டு வெச்சிருக்கோம்."

அவர் நகரவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன்னை ஒண்ணு கேக்கணும்மா. அவகிட்ட கேக்க எனக்கு வாய் வரல."

"கேளுங்க ஆன்ட்டி."

"ஒடெசாவுல, சோவியத் காலத்துல, எங்கப்பாவைப் பெத்த பாட்டி செத்தப்போ அவரு யாருக்கும் தெரியாம போய் இதைச் சொல்லிட்டு வருவாரு. பதினோரு மாசத்துல நிறுத்திட்டாரு. ஏம்ப்பான்னு கேட்டேன். உன் பாட்டி நல்லவ, அவளுக்கு இது போதும்னாரு. எனக்கு இதுல தெரிஞ்சது அது ஒண்ணுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க காலண்டர் எனக்குத் தெரியாது. சாதாரண காலண்டர்ல எண்ணினாலே ரெண்டு வாரம் முன்னாடி பதினோரு மாசம் முடிஞ்சிருச்சு. இவ நிறுத்தல. தினமும் அதே லேட் பஸ்லதான் வர்றா."

நான் திரும்பி, உள்ளே முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ரீவாவைப் பார்த்தேன்.

"அவரும் இவளும் கடைசி பத்து நாள் பேசிக்கவே இல்லம்மா. இந்த ஸ்கூல்ல சேர்த்துட்டாருன்னு சண்டை. நீ எனக்கு அப்பாவே இல்லன்னு சொல்லிட்டா. அப்புறம் அவரு போயிட்டாரு. அந்தக் கோவம் இன்னும் இருக்கா அவளுக்கு? அவர் கெட்டவர்னு நினைச்சுதான் நிறுத்தாம சொல்லிக்கிட்டிருக்காளா? ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

அந்த நிமிடம் எனக்கு என்மேல் வந்த அருவருப்பை இப்போதும் மறக்க முடியவில்லை. ஒரு தேதித் தப்புக்குப் பின்னால், அரைமணி பஸ் தூரத்தில், ஒரு பெண்மணி தன் புருஷனுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு வாரமாகத் தீர்ப்புக்குக் காத்திருந்திருக்கிறார்.

"அவ ஒண்ணும் நினைக்கல ஆன்ட்டி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தேதி பார்த்தது நான். தப்பா எண்ணிட்டேன். என் தப்பு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதார். எழுந்ததும் என் தலையை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

"தப்பா எண்ணினா என்னம்மா. சின்னப் பொண்ணு, உனக்கு எத்தனை வேலை. நல்லா இரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் உள்ளே போய் முன் வரிசையில் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். ரீவா முதலில் அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் திரும்பி என்னைத் தேடினாள். அதற்குள் டாக்டர் சாண்ட்லர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

எழுதி வைத்திருந்த பேச்சைப் பையிலேயே விட்டுவிட்டு மைக்கின் முன் நின்றேன்.

"இன்னிக்கு இங்க யாரும் கதீஷ் சொல்லப் போறதில்ல. ரீவாவோட பதினோரு மாசம் நாலு வாரத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. ரெண்டாம் ஆதாரை மறந்துட்டு நான் தப்பா கணக்குப் போட்டுட்டேன். ரீவாகிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பிறகு டாக்டர் சாண்ட்லர் எழுந்து வந்து என் தோளில் கைபோட்டார். தப்பு செய்யாதவர் யாரும் இல்லை, அதை இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும், தலைமைப் பண்பு என்றால் இதுதான் என்றார். முதலில் ஆசிரியர்கள் கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும். யோனா விசிலடித்தான். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். விருதை என் கையில் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

பிற்பகல் பிரார்த்தனை நடந்தது. முடிவில் கதீஷ் வர வேண்டிய இடத்தில், ரீவா எழுந்திருக்கவில்லை. அம்மாவின் கை அவள் கைக்குள் இருந்தது. பள்ளி முழுவதும் ஒரு கணம் காத்திருந்துவிட்டு, புத்தகங்களை மூடியது.

கூட்டம் கலைந்தபின் நடைவழியில் அவள் என்னிடம் வந்தாள். அம்மா கொஞ்சம் தள்ளி நின்று கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். ரீவாவின் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் முகத்தில் கோபம் இல்லை.

"அம்மா ரொம்ப நல்லா சொன்னாங்க உன்னப் பத்தி" என்றாள். "நீயா சொல்லலன்னா அவங்க அப்படியே நினைச்சிட்டிருந்திருப்பாங்களாம்."

நான் தலையை ஆட்டினேன்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

இன்று காலையில் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"திங்கக்கிழமை. மத்தியானம்."

மனசுக்குள் எதையோ வரிசைப்படுத்துகிறாள் என்று தெரிந்தது.

"திங்கக்கிழமை சாயங்காலம் சொன்னேன். செவ்வாக்கிழமை சொன்னேன். நேத்து சொன்னேன்."

"ஆமா."

"மூணு நாளும் என் பக்கத்துலதான் நின்ன." குரலை உயர்த்தவில்லை. "நீதான் எல்லாரையும்விட சத்தமா ஆமேன் சொன்ன, பெனினா."

அம்மா கூப்பிட்டார். அவள் போய் அவரோடு சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்கள். எனக்குப் பின்னால் யாரோ வந்து முதுகில் தட்டி, "கலக்கிட்டீங்க தலைவரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.