பின் இருக்கையில் மூன்று மூட்டை

ஒரு பைக்கின் பின்னால் இரண்டு பைகளை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? என் கணவன் ஹாரோவுக்கு ஏழு மாதம் ஆனது.

எங்கள் வண்டியின் நம்பர் பலகையிலேயே 04, 10 என்று பொறித்திருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் அது சாலையில் இருக்கலாம். வரியும் காப்பீடும் அந்த ஏழு மாதத்துக்குத்தான். நவம்பர் ஒன்றாம் தேதி தெருவோரம் நிறுத்தி வைத்தாலே குற்றம். இது ஹாரோ போட்ட கணக்கு. குளிர்காலத்தில் யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டு அவனே வாங்கிய பலகை.

இந்த வருடம் எனக்கும் ஒரு தேதி இருந்தது. நவம்பர் பன்னிரண்டாம் தேதி என் வலது முழங்காலைத் திறந்து உலோக மூட்டு வைக்கப்போகிறார்கள். "அதுக்கப்புறம் ஒரு வருஷம் பைக் பின்னாடி உட்காரவே கூடாது. பிறகு பார்க்கலாம்" என்றார் டாக்டர். எனக்கு அறுபத்திரண்டு வயது. டாக்டர்கள் சொல்லும் 'பார்க்கலாம்' என்னவென்று எனக்குத் தெரியும். அதனால் இந்த அக்டோபருக்குள் ஹாரோவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பயணம் போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நார்வே, இரண்டு வாரம். மார்ச்சில் அவனும் சரி என்றான். "சாமான் வைக்க மட்டும் ஒரு இடம் பண்ணிடறேன்" என்றான். என் கோடைக்காலம் மொத்தமும் அந்த 'மட்டும்' என்ற சொல்லில் போயிற்று.

எழுபத்தொன்பதாம் வருடத்து வண்டிக்குப் பை மாட்டும் கம்பிச் சட்டம் இப்போது கடையில் கிடையாது. பவேரியாவில் ஒருவரைத் தேடிப் பிடித்து வரவழைத்தான். அது அடுத்து வந்த மாடலுக்கானது. இரண்டு விரற்கடை அதிக நீளம். வளைத்தான். வளைத்த சட்டத்துக்கு அனுமதி வேண்டுமென்று வாகன ஆய்வு நிலையத்துக்கு மூன்று முறை போனான். தோல் பைகள் வந்தன. வலதுபக்கப் பை சைலன்சரில் பட்டுக் கருகியது. சூட்டைத் தடுக்க ஒரு தகடு வெட்டினான். தகடு அதிர்ந்து உயிரை வாங்கியது. அதற்கு ரப்பர் வைக்க வேண்டும் என்றான். சரியான ரப்பர் வந்து சேர்வதற்குள் ஜூலை முடிந்தது. நார்வே டென்மார்க் ஆனது. இரண்டு வாரம் நாலு நாள் ஆனது.

ஆகஸ்டில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது கேட்டான்.

"கேசா, உன் எடை எவ்வளவு?"

"எதுக்கு?"

"பின்னாடி பாரம் ஏத்தி ஓட்டிப் பார்க்கணும்."

"நான்தான் பாரம் மாதிரி எதிர்லயே உட்கார்ந்திருக்கேனே. என்னை ஏத்திப் பாரு."

"சோதனை ஓட்டத்துக்கு ஆளை ஏத்தக் கூடாது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

அறுபத்தெட்டு என்றேன். உடுப்புக்கு நாலு கிலோ சேர்த்தான். நான் குறைத்துச் சொல்லியிருப்பேன் என்று இன்னும் மூன்று கிலோ சேர்த்தான். ஆக எழுபத்தைந்து. இருபத்தைந்து கிலோ உருளைக்கிழங்கு மூட்டைகள் மூன்றை வாங்கிவந்து பின் இருக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பட்டை போட்டு இறுக்கினான். மேல்மூட்டையின்மீது மழைக்கு என் பழைய கோட்டைப் போர்த்தினான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

பக்கத்து வீட்டுத் திருமதி ஃபெடர்சன் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "நேத்து கடற்கரை ரோட்டுல ஹாரோ பின்னாடி உங்களைப் பார்த்துக் கையாட்டினேனே, கேசா. கண்டுக்கவே இல்லை."

"அது உருளைக்கிழங்கு."

"அதானே பார்த்தேன். உட்கார்ந்திருந்த விதம் கொஞ்சம் அடக்கமா இருந்துச்சு."

செப்டம்பர் முடிவதற்குள் அந்த மூட்டைகள் நானூறு கிலோமீட்டர் ஊர் சுற்றியிருந்தன. நான் ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை.

கடைசியாக அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு ஹாரோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "முடிஞ்சுது" என்றான். அன்று எங்கள் பக்கம் விடுமுறை. மழை இல்லை. நார்வே, டென்மார்க் ஆசையெல்லாம் விட்டுப்போய், பக்கத்திலிருக்கும் ஹூசும் துறைமுகம் வரை போய்த் திரும்பினால் போதும் என்ற நிலைக்கு நான் வந்திருந்தேன். ஹெல்மெட்டைப் போட்டேன். ஹாரோவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

காலைத் தொங்கவிட வேண்டிய இடத்தில் பை இருந்தது. இரண்டு பக்கமும். இடது முழங்காலை நெஞ்சு வரை மடக்கி எப்படியோ பாதத்தை மிதியில் வைத்தேன். வலது முழங்கால் அப்படி மடங்குவதாக இருந்தால் எனக்கு ஆபரேஷன் எதற்கு?

"ஹாரோ, என் காலை எங்க வைக்கிறது?"

இறங்கி வந்து பார்த்தான். டேப்பை எடுத்து அளந்தான். மறுபக்கம் போய் அங்கேயும் அளந்தான்.

"இத்தனை நாள் இந்தப் பிரச்சினை வரலையே."

"மூட்டைக்குக் கால் கிடையாது, ஹாரோ."

"எட்டு சென்டிமீட்டர் பின்னாடி தள்ளினாப் போதும். நாலு ஓட்டைதான்." துளைபோடும் இயந்திரத்தை எடுத்துவந்து ஒரு முறை அழுத்தினான். அவ்வளவுதான், வேலிக்கு மேல் ஃபெடர்சனின் தலை தெரிந்தது.

"இன்னைக்கு லீவு நாள், ஹாரோ. சத்தம் போடக் கூடாதுன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க."

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் வைத்துப் புல் வெட்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் சண்டைக்கு முதல் ஆளாகப் போய் நின்றவன் இவன். இயந்திரத்தைக் கீழே வைத்தான்.

"நீளமான போல்ட் கிடைச்சாக்கூட..."

"கடையும் லீவு."

"அப்படின்னா ஏப்ரல்ல..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

எனக்கு அழுகை வந்தது. இறங்கினேன். கருவிப் பெட்டியிலிருந்து பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன்.

"என்ன பண்ற?"

"கழட்டறேன். இதுக்குச் சத்தம் வராது."

"ஏழு மாச வேலை, கேசா."

"தெரியும். ஏழு மாசமா இந்த ஸ்பேனரை உனக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான்."

"அப்ப சாமானை எங்க வைக்கிறது?"

"என்ன சாமான்? மத்தியானம் போயிட்டு சாயங்காலம் வரப்போறோம். கைக்குட்டை பாக்கெட்ல இருக்கு."

எட்டு போல்ட். முதல் இரண்டை நான் கழற்றினேன். மூன்றாவது அசையவில்லை. ஹாரோ ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கி மீதி ஆறையும் கழற்றினான். சட்டத்தையும் பைகளையும் ஃபெடர்சன் வேலி வழியாக வாங்கித் தன் தோட்டத்தில் வைத்துக்கொண்டாள்.

ஹூசும் துறைமுகத்தில் காற்று அறைந்தது. இறால் வைத்த ரொட்டியை நின்றுகொண்டே தின்றோம். ஹாரோ பாதி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பை மாட்டி முடிச்சா கிளம்பணும்" என்றான். "கிளம்பிப் போய்ட்டு வந்துட்டா, அப்புறம் நீ பின்னாடி உட்கார மாட்ட. அதை நினைச்சாலே எனக்கு இன்னொரு வேலை கண்ணுல பட்டுடும்."

முப்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்திய மனிதன் இதை ஏப்ரலிலேயே சொல்லியிருக்கலாம்.

"முட்டாள். அந்தக் கடைசி ஏழு மாசத்தையும் தூக்கி உருளைக்கிழங்குக்குக் கொடுத்துட்டியே."

அவன் தலையை ஆட்டினான். கண் கலங்கியிருந்தது. காற்று என்று சொல்லிவிடுவான் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது என் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி மிதியில் வைத்தான். ஏறி உட்கார்ந்தவன் உடனே கிளப்பவில்லை. இந்த ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் பின்னால் திரும்பிக் கேட்டான்.

"முழங்கால் எப்படி இருக்கு?"

"வலிக்குது" என்றேன். "சுத்து வழியாப் போ."